டிரங்குப் பெட்டியோடு வந்த அப்பா

தைலமும் ஈரத் தோலும் ரயில்பெட்டியும் கலந்த ஒரு வாடை, அப்பா எங்கள் திண்டுக்கல் வீட்டுப் படியேறுவதற்கு முன்பே உள்ளே வந்துவிடும். அதற்கும் முன்பே என் கண் தெருமுனையில் நிற்கும் ஆட்டோவுக்குள் துழாவிக்கொண்டிருக்கும். தோள்பை மட்டும் இறங்கினால் லீவு. "டிரங்குப் பெட்டி"யும் சேர்ந்து இறங்கினால் வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

அப்பா பெரிய ஆட்டக்காரர் ஒன்றும் இல்லை. மில்லின் கால்பந்து டீமில் மாற்று ஆளாகப் பாதி நாள் ஓரத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர். "மாப்ளைக்கு பூட்ஸ் தேயல, டவுசர்தான் தேஞ்சுச்சு" என்பார், பஸ் ஸ்டாண்டு பக்கம் டெலிபோன் பூத் வைத்திருந்த அம்மாவின் அண்ணன் சூசை மாமா. "ஒக்காந்து பாத்ததாலதான் மச்சான் எனக்கு ஆட்டமே புரிஞ்சுச்சு" என்று அப்பாவும் சிரிப்பார். அது பொய்யில்லை. ஆடி முடித்ததும் கோச்சாகக் கூப்பிட்டார்கள். கோழிக்கோடு, கோவா, கல்கத்தா, ஷில்லாங் என்று போய்க்கொண்டே இருந்தார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்திய வரைபடம் கொஞ்சம் தெரியும் என்றால், அப்பாவுக்கு வேலை கிடைத்த ஊர்களாலும் வேலை போன ஊர்களாலும்தான்.

கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் "புதுநன்மை" எனக்குக் கொடுக்க வேண்டிய வருடம் அவர் கல்கத்தாவில் இருந்தார். வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. அப்பா வருவாரா என்பதுதான் பயம். டீம் ஜெயித்தால் அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம் என்று அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். தோற்றால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் தெருமுனையில் அந்தோணியார் சொரூபம் வைத்த சின்னக் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றி, "ஜெயிக்கவும் வேணாம், தோக்கவும் வேணாம். சமமா முடிச்சு விட்டுரும் சாமி" என்று வாய்விட்டே கேட்டாள். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டு அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பூத்துக்கு போன் போடுவார். மாமா சைக்கிளை நிறுத்தாமலேயே, "இன்னைக்கும் டிரா தங்கச்சி!" என்று கத்திக்கொண்டு போவார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். மறு ஞாயிறும் டிரா. அதற்கு மறு ஞாயிறும்.

புதுநன்மைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. முதலில் தோள்பை இறங்கியது. பிறகு ஆட்டோக்காரர் பின்பக்கம் போய், தூக்க முடியாமல் டிரங்குப் பெட்டியை இழுத்தார்.

"தோத்துட்டீங்களா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுகூடத் தோக்கல செசிலி. அம்புட்டும் டிரா. ஜெயிக்கத் தெரியாத கோச்சு எங்களுக்கு வேணாம்னுட்டாய்ங்க."

அம்மா தலையில் கை வைத்து அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அழுதுகொண்டே கெபி விஷயத்தைச் சொன்னேன். அப்பா டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடிப்பாவிகளா! ரெண்டு கோல் போட்டு முன்னாடி நின்னோம், கடேசியில ரெண்டையும் திருப்பி வாங்குனோம். அது உங்க வேலைதானா?" மறுநாள் கோயிலில் முதல் வரிசையில், கசங்கின சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாசமே வேறு ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

இப்போது சூசை மாமாவின் பூத் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் கம்பளிகளோடு கிடக்கிறது; திறந்தால் பாச்சை உருண்டை வாடைதான். ஆனாலும் வாசலில் ஆட்டோ நின்றால் பெட்டி இறங்குகிறதா என்று என் கண் ஒருமுறை பார்க்கத்தான் செய்கிறது. அம்மா இல்லை. அப்பா முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு டி.வி.யில் ஆட்டம் பார்க்கிறார். எங்கோ ஒரு ஆட்டம் சமமாக முடிந்தால், சுவரில் மாலை போட்டிருக்கும் அம்மா படத்தைத் திரும்பிப் பார்ப்பார்.

"போதும் செசிலி. நான் வீட்லதான் இருக்கேன்."