அப்பால இன்னா?

நடந்ததுதான் இது. கேட்டவர்கள் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தேவகிருபை கதை கட்டுகிறவள் இல்லை. பேர் என்ன என்று கேட்டால்கூட ஒரு மூச்சு விட்டுத்தான் பதில் சொல்லுவாள்.

1953, ஐப்பசி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது, இன்று இல்லை. தேவகிருபை அங்கே பயிற்சிக்குப் போன மருத்துவ மாணவி. அந்தக் காலத்தில் நோயாளிகள் வீட்டிலிருந்து குப்பி கொண்டுவர வேண்டும். கம்பவுண்டர் கலவை மருந்தை ஊற்றி, ஓரம் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றைக் குப்பியின் மேல் ஒட்டித் தருவார். ஒரு பல் அளவு, ஒரு வேளை. எப்படிக் குடிப்பது என்று நோயாளிக்கு விளக்குவது மாணவர்கள் வேலை. அதைக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் ரகுபதி. சொன்னதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். தலையாட்டினால் செல்லாது. “மாடுகூடத் தலையாட்டும்” என்பார். நோயாளி இல்லாத வேளையில் சுவரிடம் பேசிப் பழகச் சொல்லுவார்.

திங்கட்கிழமை ஏகக் கூட்டம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சௌக்கத் அலி வந்தார். தண்டையார்பேட்டைப் பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு என்றார். நரம்புத் தளர்ச்சி. வெளிச்சத்தில் பிடித்தால் மட்டம் மட்டும் தெரிகிற கறுப்புக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் மூன்று நாள் மருந்து வாங்கினார். தேவகிருபை அவசரமாக விளக்கினாள். அவர் தலையாட்டினார். அவள் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் ரகுபதிக்கு அது தெரியவந்தது. அவர் திட்டவில்லை. அந்த மனிதரிடம் என்னவெல்லாம் சொன்னாய் என்று நாளைக் காலை ஒன்றுவிடாமல் சொல்லிக் காட்டு என்றார். அவ்வளவுதான்.

அப்போதிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை. எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறாள். எதை என்று தெரியவில்லை. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது ஒரு படி இல்லாததைப்போல இருந்தது. சௌக்கத் அலியின் குப்பியில் இன்றைக்குக் கடைசி வேளை.

சாயங்காலம் புயல் மழை பிடித்துக்கொண்டது. கம்பவுண்டர் மருந்தறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ரகுபதியும் இல்லை. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கடைசி அறையில் ஒரு முக்காலி கிடந்தது. சுவருக்கு இது தேவலை என்று அதன் எதிரே உட்கார்ந்து, சௌக்கத் அலியிடம் பேசுவதுபோல முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள்.

ஆயா பிலோமி வாளியோடு எட்டிப் பார்த்தாள். “இன்னாம்மா, செவுத்தாண்ட பேசிக்கினு கீற? ரோட்ல முட்டிக்காலு தண்ணி. வூட்டுக்குப் போ.”

எதிரே முக்காலி கிடக்க, சுவரா என்று நினைத்துக்கொண்டாள் தேவகிருபை. பிலோமி சிரித்துக்கொண்டே போனாள்.

விளக்கு முழுசாக அணைந்தது.

“சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு வேளைக்கு ஒரு பல் அளவு, மூன்று வேளை...” என்று மறுபடி ஆரம்பித்தாள்.

“சோறு துன்னுட்டு. ஒரு பல்லு. மூணு வேளை.”

ஒரு பெண் குரல். எதிரே, மிக அருகில்.

மின்னலில் தெரிந்தது. முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கறுப்புக் குப்பி. மழைக்கு ஒதுங்கிய நோயாளி போலிருக்கிறது என்று தேவகிருபை எண்ணினாள். ஆனால், வந்த காலடிச் சத்தம் கேட்கவில்லை. குப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. புடவை மட்டும் காய்ந்திருந்தது...

“அப்பால இன்னா?” என்றாள் அந்தப் பெண்.

தேவகிருபையின் வாய் தானாகச் சொன்னது. தக்கையை இறுக மூட வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

“தக்கைய மூடணும். புள்ளைங்க கைக்கு எட்டாம வெக்கணும்.” குப்பியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. “அப்பால?”

வெறும் வயிற்றில் கூடாது. மருந்து குடித்ததும் வெயிலில் அலையக் கூடாது. தெரிந்ததை எல்லாம் சொன்னாள். தெரியாததையும் சொன்னாள். ஒவ்வொன்றும் அதே குரலில் திரும்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு...

“அப்பால?”

அடுத்த மின்னலில் அந்தப் பெண் சிரிப்பதைப் பார்த்தாள். உதடுகள் மட்டும் இருபுறமும் இழுபட்டிருந்தன. கண்ணில் சிரிப்பு இல்லை.

“அப்பால?” இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு.

கழுத்து பின்னால் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. முதுகு வில்லாக வளைந்தது. முகம் கூரையைப் பார்த்தது. கேள்வி மட்டும் இவளைப் பார்த்து வந்தது.

“அப்... பால...”

இந்தச் சிரிப்பு. இந்த வளைவு. பாடத்தில் படித்திருக்கிறாள்.

எட்டிக்கொட்டை விஷம்.

சௌக்கத் அலிக்குக் கொடுத்த கலவையில் எட்டிக்கொட்டைச் சத்து உண்டு. அளவாகக் குடித்தால் மருந்து. அசையாமல் வைத்தால் அது அடியில் படியும். படிந்ததெல்லாம் கடைசி வேளையில் மொத்தமாக இறங்கும். கறுப்புக் குப்பியில் அது கண்ணுக்குத் தெரியாது...

“குலுக்கணும்” என்றாள். மறுபடி சொன்னாள். “ஒவ்வொரு வேளையும்... குப்பியைக் குலுக்கிட்டுக் குடிக்கணும்.”

களக்... களக்... களக்...

அந்தப் பெண் குப்பியைக் குலுக்கினாள். பிறகு மெதுவாக...

“அப்பால?”

தேவகிருபை ஓடினாள்.

தண்டையார்பேட்டைக்கு ரிக்‌ஷா எதுவும் வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில், செருப்பைத் தொலைத்து, வழியெல்லாம் பள்ளிவாசலைக் கேட்டுக் கேட்டுப் போனாள். பின்பக்கத்துச் சந்தில் சௌக்கத் அலியின் மனைவி பதுருன்னிசா கதவைத் திறந்தாள்.

“இன்னாம்மா இந்த மழைல? யாரு நீ?”

“மருந்து... கடைசி வேளை... குடிச்சிட்டாரா?”

“இப்பதான் ஊத்தி வெச்சேன்.”

சௌக்கத் அலியின் கையில் கிண்ணம் இருந்தது. தேவகிருபை அதைத் தட்டிவிட்டாள். தரையில் கொட்டியதில் தண்ணீர் கொஞ்சம்தான். மீதி, வெள்ளை வெள்ளையாக வண்டல். அந்த மனிதர் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பதுருன்னிசா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் ரகுபதியிடம் சொன்னாள். குலுக்கச் சொல்லாததையும் சொன்னாள்.

“முக்காலியா?” என்றார் அவர். “அந்த ரூம்ல முக்காலி கிடையாதே.”

போய்ப் பார்த்தார்கள். நான்கு சுவர். வெறும் தரை. நடுவில் மட்டும் குப்பியின் அடிப்பாகம் அளவுக்கு ஒரு ஈர வட்டம்.

எர்ணாவூர் அங்கம்மா என்றொருத்தியைப் பற்றி அவர் சொன்னார். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி, அதே அறையில், அதே மருந்து. குப்பியை வாங்கிக்கொண்டு, “அப்பால இன்னா?” என்று கேட்டாளாம். “அவ்வளவுதான், போ” என்றானாம் அங்கிருந்த மாணவன். கடைசி வேளையைக் குடித்துவிட்டு ஓடிவந்து முக்காலியில் உட்கார்ந்தவளைப் பிறகு நிமிர்த்த முடியவில்லை. முக்காலியை அன்றைக்கே உடைத்து எரித்துவிட்டார்கள்.

வாசல் வரை வந்த பிறகு ரகுபதி நின்றார்.

“ஓடி வரும்போது அவகிட்ட ‘அவ்வளவுதான்’னு சொன்னியா?”

“இல்ல சார்.”

மழைக்குக் குடையை விரித்தார்.

“சொல்லாதே. எப்பக் கேட்டாலும் சொல்லாதே. என்கிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. நானும் இதுவரைக்கும் சொல்லலை.”