லாலிபெர்ட் வீட்டுச் சமையலறையில் ஒரு பேட்டரி

அந்த ஜனவரியில் பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற ஊரில் குளிர் மைனஸ் நாற்பதுக்குக் கீழே இறங்கி எட்டு நாளாகியும் ஏறுகிற வழியைக் காணோம். எட்டு நாளும் தெல்மா ரோமானுக் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரொட்டியைக் கடித்தபடியே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கிளம்ப மறுக்கும் கார்களைக் கிளப்பிவிடுவதுதான் அவள் வேலை. வண்டியின் பின்னால் முப்பது புது பேட்டரிகள், மின்சாரம் கொடுக்கும் கேபிள், கையடக்கமான ஒரு சோதனைக் கருவி. அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இது பத்தொன்பதாவது குளிர்காலம்.

அதற்கு முன்னால் ஊருக்கு வடக்கே கோதுமை போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளில் நிலம் கைவிட்டுப் போனதும் அவள் புருஷன் மெட்ரோ எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவுக்குப் போனான். முதலில் கடிதம் வந்தது, பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது. உறையும் குளிரில் டிராக்டரைக் கிளப்பிப் பழகிய கைகள்தான் அவளுக்கு மிச்சம். லைல் என்பவரின் பேட்டரிக் கடையில் போய்க் கேட்டாள். ஒரு குளிர்காலம் பார்க்கலாம் என்றார் லைல். அப்படியே நின்றுவிட்டாள்.

கருவியை பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மாட்டினால் சில நொடிகளில் எண்ணைக் காட்டிவிடும். அந்த எண்ணைச் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாது என்று அவளுக்கு முதல் வருடமே தெரிந்துவிட்டது. அதனால் மூன்றே பதில் வைத்திருந்தாள். "செத்துப்போச்சு" என்றால் மாற்ற வேண்டும். "பசியா இருக்கு" என்றால் சார்ஜ் ஏற்றினால் போதும். "நல்லாத்தான் இருக்கு" என்றால் விளக்கை அணைக்க மறந்ததோ, முனையில் உப்புப் பூத்ததோ, ஏதோ ஒன்று. செத்துப்போச்சு என்று கேட்டால் பாதிப் பேர் அவளே வந்து கொன்றதுபோல முறைப்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது குளிர்தான். சின்னத் திருகாணிகளைத் தடித்த கையுறையோடு பிடிக்க முடியாது. கழற்றினால் இரும்பு விரலில் ஒட்டிக்கொண்டு தோலை எடுத்துக்கொள்ளும். அவளுடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகளுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

இந்த மூன்றுக்கும் வெளியே நான்காவது ஒன்று உண்டு. சார்ஜ் முழுக்க இறங்கிப்போன பேட்டரி இந்தக் குளிரில் கிடந்தால் உள்ளே இருக்கும் திரவம் உறைந்து கட்டியாகிவிடும். அதற்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஒன்பதாவது குளிர்காலத்தில், இருட்டு விலகாத ஒரு காலையில், அவசரப்படுத்திய ஒருவனுக்காக பேட்டரியின் பக்கவாட்டைத் தடவிப் பார்க்காமல் கேபிளை மாட்டினாள். வெடித்தது. அமிலம் தெறித்த முகத்தைப் பனியில் புதைத்துத் தேய்த்தபடி கிடந்தவளை யாரோ தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் காட்டினார்கள். வலது கண் தப்பியது. இடது கண்ணுக்கு அன்றிலிருந்து எல்லாமே ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதுபோலத்தான்.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வண்டியிலிருந்த ரேடியோவில் கோர்ட் என்பவன் கூப்பிட்டான். கடையில் உட்கார்ந்து அழைப்புகளை வாங்கி அனுப்புகிறவன் அவன்தான். ஆற்றுக்கு அக்கரையில் ஆம்ப்ரோஸ் லாலிபெர்ட் என்று ஒரு பெரியவர், மனைவிக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ், கார் கிளம்பவில்லை, முதலில் அங்கே போ என்றான். அதற்குப் பிறகு பதினொரு பேர் காத்திருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆம்ப்ரோஸ் காரின் பானெட்டைத் திறந்துவைத்து, சொந்தக் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குட்டையான, உரமான ஆள். புருவமெல்லாம் வெண்பனி. எஞ்சின் உறையாமல் இருக்க ராத்திரியில் மாட்டிவைக்கும் ஹீட்டரின் வயர் ஒழுங்காக வீட்டுப் பிளக்கில் மாட்டியிருந்தது. அவள் காரைச் சுற்றி வந்தாள். பின்பக்க டிக்கி விரலளவு திறந்திருந்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து உள்ளே இருந்த விளக்கு இரண்டு ராத்திரியும் எரிந்து பேட்டரியை உறிஞ்சியிருந்தது. பேட்டரியின் பக்கங்களைத் தடவினாள். சாப்பிட்டுவிட்டு மூச்சைப் பிடித்த வயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். வண்டியப் பக்கத்துல விடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் ஆம்ப்ரோஸ்.

"முடியாது. உள்ள ஐஸாயிடுச்சு. கரன்ட் குடுத்தா வெடிக்கும்."

"நாப்பது வருஷமா நானும் குடுத்துட்டுத்தான் இருக்கேன். ஒருதடவ கூட வெடிச்சதில்ல."

தெல்மா கழுத்துத் துணியைக் கீழே இழுத்து, கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை அவருக்கு நேராகக் காட்டினாள். "எனக்கும் ஒரேயொரு தடவதான் வெடிச்சுது" என்றாள்.

அவர் கேபிளைத் தோளிலிருந்து இறக்கினார். ஆனால் கோபத்தை இறக்கவில்லை. அப்படியானால் புதுசு போடு என்றார். அந்தக் காருக்கான அளவில் கடைசி பேட்டரி நேற்று மாலையே போய்விட்டிருந்தது. கடைக்குத்தான் போக வேண்டும். டாக்சிக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்று ஏற்கெனவே கைவிரித்துவிட்டார்கள். வாசல் கதவருகே அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் கோட்டு மாட்டி, போர்வையை மடித்து அணைத்தபடி நின்றாள். கணுக்கால் வீங்கிக் காலணியின் ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. இன்றைக்கு விட்டால் திங்கட்கிழமைதான்.

தெல்மா அந்தக் காலையும் பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள். ரேடியோவை எடுத்து, ஒரு மணி நேரத்துக்கு நான் இல்லை என்று வைத்துக்கொள் என்று கோர்ட்டிடம் சொன்னாள். அவன் ஏதோ கத்தினான். அணைத்துவிட்டாள். பழைய பேட்டரியைத் தொடவே வேண்டாம், மத்தியானம் புதுசு கொண்டுவருகிறேன் என்று ஆம்ப்ரோஸிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, ஃப்ளோரன்ஸை உயரமான சீட்டில் தூக்கி உட்காரவைத்தாள்.

பாலத்தில் போகும்போது ஃப்ளோரன்ஸ் பின்பக்கம் அடுக்கியிருந்த பேட்டரிகளைத் திரும்பிப் பார்த்தாள். "என்னையும் வாரத்துக்கு மூணு தடவ சார்ஜ்ல போடறாங்க" என்றாள். "மாத்தறதுக்குத்தான் இன்னும் என் சைஸுல கெடைக்கல."

தெல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. குளிரில் வெடித்த உதடு மேலும் கிழிந்தது.

"அவர் கத்தினத மனசுல வெச்சுக்காத" என்றாள் ஃப்ளோரன்ஸ். "பயந்தா அவருக்குக் கத்தத்தான் தெரியும். கல்யாணமான புதுசுல வீரம்னு நெனச்சேன்."

அவளை இறக்கிவிட்டபோது மணி பத்தடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் வசவுதான். ஒருவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு பெண் கதவையே திறக்காமல் ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினாள். தெல்மா கருவியை மாட்டி வேலையைப் பார்த்தாள். பேசினால் வாய் நோகும். மூன்று செத்திருந்தன, இரண்டு பசியோடு இருந்தன, ஒன்று நன்றாகத்தான் இருந்தது. கடைக்குப் போய் ஆம்ப்ரோஸின் பேட்டரியை எடுத்துக்கொண்டு மறுபடி ஆற்றைத் தாண்டியபோது மணி மூன்று.

ஆம்ப்ரோஸ் கதவைத் திறந்தார். முகத்தில் காலை இருந்த கோபம் இல்லை. அந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. அவரைத் தாண்டி வந்த புளித்த நெடி மூக்கில் ஏறியதுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் சூடு காட்டினா சரியாயிடும்னு பாத்தேன்" என்றார்.

பழைய பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, அடுப்புப் பக்கத்தில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறார். உறைந்தபோதே ஓடு விரிசல் விட்டிருக்கிறது. உள்ளே கட்டி உருக உருக அமிலம் செய்தித்தாளைத் தின்று, தரை விரிப்பில் இறங்கி, மேஜைக்கு அடியில் ஓடியிருந்தது. அதைத் துணியால் துடைக்கப் பார்த்திருக்கிறார். துணியும் போய்விட்டது, காலுறையில் இரண்டு ஓட்டை. வேலை முடிந்து வந்த மருமகளின் காரில் திரும்பிவந்திருந்த ஃப்ளோரன்ஸ், முன்னறை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். திட்டக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடியிருந்தாள்.

தெல்மாவுக்கு ஒரு நிமிடம் அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. அவருடைய காலுறைகளைக் கழற்றச் சொல்லி, குளியல் தொட்டியில் உட்காரவைத்துக் காலில் தண்ணீர் ஓடவிட்டாள். கால் சிவந்திருந்தது, தோல் போகவில்லை. ஜன்னலைத் திறந்தாள். ரப்பர் கையுறை போட்டு, அமிலத்தை முறிக்க வண்டியில் வைத்திருந்த சமையல் சோடாவையும் அந்த வீட்டில் இருந்ததையும் தரையில் கொட்டினாள். சீறிக்கொண்டு நுரைத்தது. நுரை அடங்கும்வரை கொட்டி, துடைத்து, மறுபடி கொட்டினாள். பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்து வெளியே தூக்கிப்போனாள். குளியலறையிலிருந்து ஆம்ப்ரோஸ் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது தடவை, "அங்கயே உக்காருங்க, எழுந்து வந்தீங்கன்னா வாளியில உங்களயும் போட்டுருவேன்" என்றாள். முன்னறையில் ஃப்ளோரன்ஸ் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

வெளியே போய்ப் புது பேட்டரியை மாட்டினாள். கார் முனகி, இருமி, பிடித்துக்கொண்டது. டிக்கியின் பூட்டு தேய்ந்துபோயிருந்ததால் உள்ளே இருந்த பல்பைப் பிடுங்கினாள். பல்பைக் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்க உள்ளே வந்தவளை உட்காரச் சொல்லி, ஆம்ப்ரோஸ் கடமான் கறி சூப்பும் சட்டியில் சுட்ட தட்டை ரொட்டியும் வைத்தார். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குச் சக்தி இல்லை. நாலு வாய் சாப்பிட்டது நினைவிருக்கிறது. அப்புறம் தலை மேஜைமேல் சாய்ந்துவிட்டது.

வண்டி ரேடியோ விடாமல் அலறியது. ஆம்ப்ரோஸ் வெளியே போய் எடுத்தார். அவர் என்ன சொன்னார் என்பதை மறுநாள் கோர்ட்தான் அவளிடம் சொன்னான்.

"அவ தூங்கறா. எழுப்ப மாட்டேன்."

"நீங்க யாரு?"

"அவ பேச்சக் கேக்காதவன். நீயும் கேக்காதவன்போலத் தெரியுது. ரெண்டு வண்டி வேலைய ஒருத்தி தலையில கட்டிட்டு உக்காந்திருக்கியே, உனக்கு எத்தன வயசு?"

முப்பத்தொன்று என்று கோர்ட் சொல்லியிருக்கிறான். ஆம்ப்ரோஸ் வைத்துவிட்டார்.

நாற்பது நிமிடம் கழித்து தெல்மா விழித்தபோது தோளில் ஃப்ளோரன்ஸின் போர்வை இருந்தது. ரேடியோவில், புதிதாக வந்த அழைப்புகளையும் சேர்த்து மிச்சத்தில் பாதியைக் கார் இழுக்கும் கம்பெனிக்குத் தள்ளிவிட்டேன், வீட்டுக்குப் போ என்றான் கோர்ட். மீதி நான்கு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டாள். அந்த நான்கையும் முடித்துவிட்டுத்தான் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கடைக்காரர் லைல் அவளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் தொலைந்துபோனதற்குக் காரணம் கேட்டார். சொன்னாள். இன்னொரு வண்டி போட்டால்தான் அடுத்த குளிர்காலம் வருவேன் என்றும் சொன்னாள். யோசிக்கலாம் என்றார் லைல். அக்டோபரில் இன்னொரு வண்டி வந்தது. தெல்மாவுக்கு ஆற்றின் இக்கரை மட்டும் போதும் என்றானது. வேலை ஒன்றும் இலகுவாகிவிடவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டை வண்டியை நிறுத்திவைத்து, இரண்டு கையாலும் சாப்பிட முடிந்தது.