ஜெயந்தி அக்கா அனுப்பிய பெல்ட்

அன்று காலை கடையின் தொலைபேசி அடித்தபோது நான் அதன் பக்கத்தில்தான் நின்றேன். வழக்கம்போல எடுக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களோடு பேச எனக்குப் பயம். தொலைபேசி எப்போதும் ஜெயந்தி அக்காவின் வேலை. அவர் இன்னும் வந்திருக்கவில்லை. முதலாளி குமார் அங்கிள் பின்னறையிலிருந்து ஓடி வந்து எடுத்தார். "எப்போ?" என்று கேட்டார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல், "ஜெயந்தி போயிட்டாங்க மா. காலையில குளிக்கப் போனவங்க விழுந்துட்டாங்களாம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்.

நான் உட்காரவில்லை, அழவுமில்லை. எனக்கு முதலில் வந்தது பயம்தான். ஏனென்றால் அக்காவின் கணவர் சிவநேசன் அண்ணா அப்போது மலைமேல் இருந்தார். ஆக்லாந்து இருக்கும் தீவின் நடுவிலுள்ள பனிமலையில், ஒரு பனிச்சறுக்குக் கழகத்தின் விடுதியில், குளிர்காலம் முழுக்கப் பராமரிப்பு வேலை செய்பவர் அவர். அவருடைய கைபேசி கிடைக்கவில்லை என்று வீட்டார் தவித்தார்கள். விடுதிப் பட்டறையின் எண் எங்கள் கடையில்தான் இருந்தது. குமார் அங்கிள் ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். எங்கள் எண்ணைப் பார்த்ததும் அக்காதான் என்று எண்ணி அண்ணா சிரித்துக்கொண்டே எடுத்தார்.

"என்னப்பா, விடிஞ்ச உடன எடுக்கிறீர்? நான் இண்டைக்கு இன்னும் வெளியிலயே போகேல்ல. நீர் பயப்பிடாமத் தேத்தண்ணியைக் குடியும்."

குமார் அங்கிளால் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. "ஜெயந்தி? கதையுமப்பா" என்றார் அண்ணா. மலையிலிருந்து கடைக்கு ஒரு கெட்ட செய்தி வந்துவிடும் என்றுதான் அக்கா ஒவ்வொரு குளிர்காலமும் பயந்தார். செய்தி கடையிலிருந்து மலைக்குப் போனது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்காவைக் கோயிலில், உறவு வீட்டு விசேஷங்களில், பிள்ளையின் நடன வகுப்பு வாசலில் பார்த்துப் பழகியவர்கள். நான் அறிந்த அக்கா, ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் பக்கத்தில் எந்திரங்களுக்கான பெல்ட்டும் பேரிங்கும் விற்கும் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் அங்கே பொருள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்று, வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அக்கா அவரை அனுப்பிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பயமோ பிள்ளை?"

"ஆமாக்கா."

"நல்லது. நானும் பயந்தவள்தான். ரெண்டு பேரும் நிண்டா கடைக்கு அலாரமே தேவையில்லை."

அது உபசாரப் பேச்சு இல்லை. ரவுண்டபவுட்டில் வண்டி ஓட்ட அக்காவுக்குப் பயம். லிஃப்ட் பயம், நாய் பயம். ஒருமுறை குடும்பமாக அந்த மலைக்குப் போனபோது எல்லோரும் இறங்கிப் பனியில் விளையாட, இவர் மட்டும் நிறுத்தியிருந்த காருக்குள் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவரும் அவரே. அதன்பின்னும் அவர் பனியைத் தொட்டதில்லை. ஆக்லாந்தில் பனி பெய்வதுமில்லை. ஆனாலும் பனியின் மேல் ஓடும் ஸ்னோமொபைலுக்கு டிரைவ் பெல்ட் அனுப்புவது எங்கள் கடையில் அவர் வேலையாக இருந்தது. எஞ்சினின் சக்தியைப் பல்சக்கரமில்லாமல் இரண்டு புல்லிகளுக்கு நடுவே கடத்துவது அந்த ஒற்றை ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

பிற்பகலில் சிவநேசன் அண்ணா விடுதியிலிருந்து சாமான் எடுக்க அந்த வண்டியில் அடிவாரத்துக்கு இறங்குவார். அந்த நேரத்தில் அக்கா தேநீர் போட்டு, கவுண்டரில் வைத்துவிட்டு, குடிக்காமல் நிற்பார். அடிவாரத்திலிருந்து அண்ணா அழைத்து "இறங்கீட்டன்" என்பார். "ஓம், வையுங்கோ" என்பார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடிப்பார். சூடாக்கித் தருகிறேன் என்றால், "வேண்டாம் பிள்ளை, இதுதான் எனக்குப் பழக்கம்" என்பார்.

இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் விடுதியிலிருந்து புது பெல்ட் கேட்டார்கள். வண்டியில் இருந்தது பழைய ஒரிஜினல், ஓரம் தேய்ந்திருந்தது. வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் நாட்டிலேயே இருப்பில் இல்லை. கப்பலில் வர வேண்டும், வரும்போது பனிக்காலமே முடிந்திருக்கும். சிவநேசன் அண்ணா கழற்றி அளந்து அனுப்பிய அளவுக்கு வேறு கம்பெனி பெல்ட் ஒன்று எங்கள் அலமாரியிலேயே இருந்தது. குமார் அங்கிள் அதை எடுத்துக் கவுண்டரில் போட்டார்.

"அளவு சரியா இருக்கு லா. அனுப்பிருங்க" என்றார். "லா" அவர் ஊர்ப் பேச்சு வழக்கு.

அக்கா அதை ஒரு பிள்ளையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோலத் தொட்டுப் பார்த்தார். பிறகு அளவுகோலை எடுத்து அகலத்தைப் பார்த்தார். "அண்ணை, இது தேய்ஞ்ச பெல்ட்டின்ர அளவு. அந்த மனிசன் பழசை அளந்து சொல்லியிருக்கிறார். தேய்ஞ்சதை அளந்து வாங்கினா, பெட்டியைத் திறக்கேக்கையே தேய்ஞ்சதுதான் வரும்."

"உங்க வீட்டுக்காரர்தானே அளந்தாரு?"

"அதாலதான் சொல்லுறன். அவருக்குப் பயமே இல்லை. பயமில்லாதவன் அளந்தா இப்பிடித்தான்."

அண்ணாவை அழைத்து, வண்டியின் தகட்டில் உள்ள மாடல் எண்ணை வாசிக்கச் சொன்னார். புது ஒரிஜினலின் அகலம் என்ன என்று தேடி, அதே அகலத்தில் இன்னொரு கம்பெனி செய்த பெல்ட்டைக் கண்டுபிடித்தார். நான் பார்சல் அட்டையைக் கொண்டுவந்தேன். ஆனால் அவர் கட்டவிடவில்லை. பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கேட்டேன்: "டூப்ளிகேட் போட வேணாம்னு சொல்லிடலாமேக்கா? ஒரிஜினல் வர்ற வரைக்கும் பொறுக்கட்டும்."

"டூப்ளிகேட் எண்டு சொல்லாத பிள்ளை. களவா பேர் குத்தினாத்தான் டூப்ளிகேட். இது வேற ஒரு கொம்பனி தன்ர பேரைப் போட்டு ஒழுங்கா செய்தது. பண்ணைக்காரருக்கு எத்தினை குடுத்திருக்கிறன், ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வரேல்ல. ஆனா அவையளுக்கு அறுந்தா நடந்து வீட்டை போவினம். இவருக்கு அறுந்தா எங்க நடக்கிறது?"

"அப்போ ஒரிஜினலுக்கே..."

"அது வரும்வரைக்கும் பழசிலதானே ஓடப்போறார். அதுவும் பயம். இதுவும் பயம்."

கடைசியில் இரண்டு பயத்துக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார். புது பெல்ட்டை மாட்டி, விடுதியைச் சுற்றியே சில நாள் மெதுவாக ஓட்ட வேண்டும். ரப்பர் புல்லியோடு பழகி, ஓரங்கள் படிந்த பிறகு கழற்றிவிட்டுப் பழையதையே மாட்ட வேண்டும். பழகிய புதியது இருக்கைக்கு அடியில் கையிருப்பாக இருக்கும். அறுகிற அன்று பெட்டியை உடைத்துப் புத்தம் புதியதை மாட்டி வேகமாக ஓட்டினால் அது தாங்காமல் போகலாம், பழகியது தாங்கும். ஸ்பீக்கரில் இதைக் கேட்ட அண்ணா, "என்னப்பா, புதுசை வாங்கிச் சீட்டுக்குக் கீழ வைக்கிறதோ? இஞ்ச வேலை செய்யிற பெடியள் சிரிப்பாங்கள்" என்றார்.

"சிரிக்கட்டும். அவங்கட மனிசிமாரோ இஞ்ச பயந்துகொண்டு நிக்கினம்?"

செய்தி வந்த அன்று நான் குமார் அங்கிளோடு அக்காவின் வீட்டுக்குப் போனேன். மலையில் காற்று பலமாக இருந்தது. ஆட்களை மலையேற்றும் கம்பிவட லிஃப்ட்களை நிறுத்திவிட்டார்கள். மேல்பாதையை மூடிவிட்டார்கள். காற்று தணியட்டும் என்று எல்லோரும் சொல்லியும் அண்ணா கேட்கவில்லை. புறப்பட்டுவிட்டார் என்று விடுதியிலிருந்து சொன்னார்கள். இடையில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அடிவாரத்துக்கு வந்ததும் குமார் அங்கிளை அழைப்பார்.

வீடு நிறைந்திருந்தது. அழுகையும், வந்தவர்களுக்குக் கோப்பை கழுவும் சத்தமும். அவர்கள் அக்காவுக்காக அழுதார்கள். நான் செருப்புகள் கிடந்த மூலையில் நின்றபடி குமார் அங்கிளின் கைபேசி இருந்த சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியில் இப்போது எந்த பெல்ட் இருக்கிறது? அக்கா சொன்னபடி அண்ணா செய்தாரா, சிரித்துவிட்டு விட்டாரா? அந்த வீட்டில் இதை நினைத்துப் பயந்தது நான் ஒருத்திதான் என்று எண்ணியிருந்தேன். அப்போது அக்காவின் மகள் அபிரா என்னிடம் வந்து நின்றாள். பத்து வயது. ஆங்கிலத்தில், அடங்கிய குரலில் கேட்டாள்: "அப்பாவின் பெல்ட் நல்ல பெல்ட்டா?"

வீட்டிலும் அக்கா இதையே பேசியிருக்கிறார்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "பழசு ஒண்ணு வண்டியில இருக்கு. உங்க அம்மா பார்த்து எடுத்தது ஒண்ணு சீட்டுக்குக் கீழ இருக்கணும்" என்றேன். "அப்பா ஒருவேளை எடுத்து வெளியே போட்டிருந்தால்?" என்று கேட்டாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தச் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார்கள். நாங்கள் குடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. மலையில் அது என்னவாகப் பெய்யும் என்று எனக்குத் தெரியும்.

தேநீரில் ஆடை கட்டிய பிறகுதான் அந்தக் கைபேசி அடித்தது. குமார் அங்கிள் கேட்டுவிட்டு, "இறங்கிட்டாரு" என்றார். அபிரா என் கையை விட்டுவிட்டு, அப்போதுதான் முதல்முறையாக அம்மாவுக்காக அழுதாள்.

மனுகாவ் பக்கத்து மண்டபத்தில் கிரியைகள் முடிந்தபின் அண்ணா என்னிடம் வந்தார். "பாதி வழியில அறுந்தது பிள்ளை" என்றார். "முன்னால என்ர கையே தெரியேல்ல. அறுந்த உடன எனக்குச் சரியான பயம் வந்தது. அப்பிடி ஒரு பயம் நான் அறியேன். இதைத்தானே இவள் ஒவ்வொரு நாளும் கடையில நிண்டு பட்டிருக்கிறாள் எண்டு அப்பதான் விளங்கிச்சு. சீட்டைத் தூக்கினன். அது இருந்தது. விறைச்ச கையால மாட்டினன். ஒரு இடத்திலயும் வழுக்கேல்ல." பிறகு சொன்னார்: "அவள் சொன்ன மாதிரியே சுத்திச் சுத்தி ஓட்டிப் பழக்கினன். பெடியள் சிரிச்சவங்கள்தான்."

அது ஒரிஜினலா, வேறு கம்பெனியா என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்காவின் பெல்ட் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

அண்ணா இனி மலைக்குப் போகப்போவதில்லை. அபிராவோடு இங்கேயே இருக்கப்போகிறார். அவருடைய வேலைக்கு அங்கே புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். சென்ற வாரம் அவர் ஒரு பெல்ட் கேட்டுக் கடைக்கு அழைத்தார். குமார் அங்கிள் வெளியே போயிருந்தார். தொலைபேசி நெடுநேரம் அடித்தது. நான் எடுத்தேன். கடையின் பெயரைக்கூட இரண்டாம் முறைதான் சரியாகச் சொன்னேன். கழற்றிய பெல்ட்டின் அளவைச் சொன்னார். வேண்டாம், வண்டியின் தகட்டை வாசியுங்கள் என்றேன். யார் ஓட்டுவார்கள், தனியாகவா என்று கேட்டேன். எப்படிப் பழக்க வேண்டும், எதைச் சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். கடைசியில், அடிவாரத்துக்கு இறங்கும் நாட்களில் இங்கே அழைத்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றும் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். ஆனால் அழைக்கிறார்.

பயத்தை விடு என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். ஜெயந்தி அக்கா ஒருமுறையும் சொல்லவில்லை. அவருடைய பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். கவுண்டரில் அவர் நின்ற இடத்தில் பிற்பகல்களில் இப்போது நான் நிற்கிறேன். முகம் தெரியாத ஒருவர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். என் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.