விழுந்தவரைச் சிரிக்க வைத்தவர்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அண்ணாவின் தங்கையாகிய என் வணக்கம்.

ஓராண்டு ஆகிவிட்டது என்கிறார்கள். எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. இருபது வருடங்களுக்கு மேலாகக் காளைமாட்டுக்கு முன்னால் ஓடிப் பிழைத்த மனிதர், என் மகளுக்குக் கூறைச் சேலை எடுக்கப் போன இடத்தில், பாரிசில் நம் கடைத்தெருவான லாச்சப்பல் நடைபாதையில் விழுந்தார் என்றால் யார் நம்புவார்கள்? மாடு முட்டவில்லை. கார் இடிக்கவில்லை. "இந்தப் பையை ஒருக்காப் பிடி" என்று என்னிடம் நீட்டினார். நான் பிடிப்பதற்குள் ஆள் கீழே கிடந்தார்.

அவர் எல்லோருடனும் அன்பாய்ப் பழகினார், இன்முகத்துடன் வாழ்ந்தார் என்று எழுதி முடித்துவிட நினைத்தேன். ஆனால் அன்று நடந்ததைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு கதை உலாவுகிறது. "சாகக் கிடந்த மனுசனுக்குப் பக்கத்திலை இருந்து வெள்ளைக்காரன் பகிடி விட்டவனாம். காரிலை ஏத்தவும் விடேல்லையாம். அவனாலைதான் ஆள் போனது." இந்தக் கதையைச் சொன்னவர்கள் பலர் இன்று இந்த மலரையும் வாசிப்பார்கள். அந்த வெள்ளைக்காரரின் பெயர் றெமி. அவருடைய பெயரைக் காப்பாற்றாமல் அண்ணாவின் பெருமையை எழுதினால் அண்ணாவே என்னைப் பிடித்து ஏசுவார்.

அண்ணா வன்னியில், வட்டக்கச்சியில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயாவிடம் பட்டி மாடு இருந்தது. ஐயா இளவயதில் காலமானதும் அண்ணா படிப்பை விட்டுவிட்டு மாட்டையும் எங்களையும் பார்த்தார். இரண்டில் மாடு சொல்வழி கேட்டது என்பார். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் பட்டியும் போயிற்று, வீடும் போயிற்று. பாரிசுக்கு வந்து, விசாவுக்கு அலைந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, என்னை இங்கே கூப்பிட்டு, கல்யாணமும் செய்து வைத்தார். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை.

அவர் றோடியோவுக்குப் போனது தற்செயல். மாட்டின் முதுகில் ஏறிச் சில நொடிகள் விழாமல் இருந்து காட்டும் அந்த விளையாட்டை, ஊர் ஊராகக் கொண்டுபோய் நடத்தும் ஒரு குழு இருந்தது. ஒரு சிற்றூரில் அவர்களுக்குச் சமைத்துப் போட அண்ணாவின் முதலாளி போயிருந்தார். கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு காளை சமையல் கூடாரத்துக்குள் வந்துவிட்டது. தொப்பி போட்ட வீரர்களெல்லாம் மேசை மேல் ஏறி நின்றார்களாம். அண்ணா கரட் தோல் வாளியைத் தூக்கிக்கொண்டு, ஊரில் மாடு கூப்பிடும் அதே சத்தத்தைப் போட்டபடி முன்னே நடந்தார். காளை பின்னாலேயே போய்க் கூட்டுக்குள் நின்றது. குழுவை நடத்திய அம்மையார் அன்றைக்கே வேலை கொடுத்தார்.

அண்ணாவுக்குக் கிடைத்தது கோமாளி வேலை. சிரிக்க மட்டும் வைக்கும் கோமாளி அல்லர். வீரர் மாட்டிலிருந்து விழுந்தவுடன் குறுக்கே ஓடி, மாட்டைத் தன் பக்கம் திருப்பி, பிறகு ஒரு பீப்பாவுக்குள் பாய்ந்து ஒளிந்துகொள்ள வேண்டும். மாடு பீப்பாவை உருட்டும். சனம் கைதட்டும். இதைக் கேள்விப்பட்ட நாளில் நான் சோறு தின்னவில்லை.

இதை எப்படிச் சம்பந்தம் பேசுமிடத்தில் சொல்வது? "கால்நடைத் துறையிலை வேலை" என்று சொல்லி வைத்தோம். மிருக வைத்தியர் என்று நினைத்துக் கொழும்பிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் தொலைபேசியில் கதைத்தார். "தம்பி மாட்டுக்குப் பின்னாலை கனக்க அலைய வேணுமோ?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை ஐயா. நான் முன்னாலை ஓடுவன், மாடுதான் பின்னாலை வரும்" என்று அண்ணா உண்மையைச் சொன்னார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. நான் அழுதேன். அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பெண் கிடைக்கவில்லையே தவிர, றெமி கிடைத்தார். தெற்குப் பக்கத்து மனிதர், கதவை அடைத்து நிற்கும் உடம்பு. மாட்டில் ஏறுபவர் அவர். விழுந்தால் காப்பாற்றுபவர் அண்ணா. இருவரும் தங்கியது ஒரே கரவன் வண்டியில். மாட்டுக்கு அஞ்சாத அண்ணாவுக்குக் குதிரையென்றால் நடுக்கம். மாட்டையும் குதிரையையும் அடக்கும் றெமிக்கு எங்கள் மிளகாய்த்தூள் என்றால் நடுக்கம். ஒருமுறை நெடுஞ்சாலையில் மாட்டு லொறி பழுதாகி நின்றது. யாருடைய பிழை என்று இருவரும் ஆளையாள் ஏசத் தொடங்கி, முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, லொறியை இழுக்க வந்தவர் காத்திருந்து அலுத்துப் போய்விட்டார். குளிர்காலத்தில் லா கூர்னெவ்வில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். றெமி தொப்பியைக் கழற்றாமல் நண்டுக்கறி தின்பார், கண்ணீர் ஓடும், "இன்னும் கொஞ்சம், தங்கச்சி" என்பார். அந்தத் தமிழ் அண்ணா படிப்பித்தது. அதில் பாதி நல்ல வார்த்தை, மீதி இங்கே அச்சில் போட முடியாதது.

இனி அந்த நாள். மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் சேலை எடுத்துவிட்டு வெளியே வந்தோம். சம்பந்தியின் கார் வீதியோரம் நின்றது. பை சுமக்க அண்ணாவும் றெமியும் வந்திருந்தார்கள். அண்ணா விழுந்த கணமே றெமி பைகளைப் போட்டுவிட்டு முழங்காலில் இருந்து, அண்ணாவின் தலையை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்தார். அம்புலன்சுக்கு அடிக்கும்படி கடைக்காரரிடம் கத்தினார். எங்கள் ஆட்கள் ஓடிவந்து காரில் தூக்கிப் போடப் பார்த்தார்கள்.

"தொடாதை! ஒருத்தரும் தொடாதை!" என்று றெமி தமிழில் கத்தினார்.

பிறகு குனிந்து, அண்ணாவின் காதுக்குப் பக்கத்தில், தமிழும் பிரெஞ்சும் கலந்து பகிடி விடத் தொடங்கினார். "அண்ணை, எழும்பு! மாப்பிளை பயந்து ஓடிட்டார்! எழும்பு அண்ணை!"

கூறை எடுத்த கையோடு, சம்பந்தியின் முன்னால், இந்த வார்த்தை! சம்பந்தியம்மா நெஞ்சில் கை வைத்தார். அண்ணாவின் கண் திறந்திருந்தது, முகம் நீலம் பாரித்திருந்தது, அவர் சிரிக்கவில்லை. றெமி இன்னொன்று சொன்னார். அதற்கும் சிரிக்கவில்லை. என் கணவரின் தமையன், நாங்கள் பெரியத்தான் என்று அழைப்பவர், இன்னும் மூவரைச் சேர்த்துக்கொண்டு றெமியைப் பிடித்து இழுத்து வீதிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். றெமி திமிறித் திமிறித் திரும்பிப் பார்த்தார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீதிக்கு இந்தப் பக்கம் நின்று, பட்டுச் சேலையோடு, ஊர் உலகம் பார்க்கக் கத்தினேன். "எட கோதாரியிலை போவானே! உனக்குக் கொஞ்சமும் வெக்கமில்லையே? உன்னை அந்த மாட்டிலை பின்பக்கமாக் கட்டி, லாச்சப்பலைச் சுத்தி ஊர்வலம் விடுறன் பார்!"

என் காலடியில் ஒரு சத்தம் கேட்டது. குனிந்தேன். அண்ணா சிரித்துக்கொண்டிருந்தார். மெல்லிய சிரிப்பு, தொண்டைக்குள். "எடியே," என்றார், "முதல் அவனை ஏறச் சொல்லு... அவன் ஏறினதை விட விழுந்ததுதான் கூட."

அதன் பிறகு அவர் பேசவில்லை. காரில் ஏற்றுவதற்குள் அம்புலன்ஸ் வந்துவிட்டது. நான் கூடப் போனேன். வைத்தியசாலை வாசலுக்குப் போகமுன் எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சிலுள்ள பெரிய இரத்தக்குழாய் கிழிந்துவிட்டது, காரில் அள்ளிப் போட்டிருந்தால் இன்னும் கெதியாகப் போயிருப்பார், அசைக்காமல் வைத்திருந்ததுதான் சரி என்று வைத்தியர் எனக்கும் கணவருக்கும் விளக்கிச் சொன்னார். அதை நாங்கள் பெரியத்தானிடமும் சொன்னோம். ஆனால் கதை எங்களை விட வேகமாக ஓடிவிட்டது.

எரியூட்டிய நாளில் றெமி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் அவரை மறித்தார்கள். நான் உள்ளே இருந்து அதைப் பார்த்தேன். வாய் திறக்க எனக்குத் தென்பு இருக்கவில்லை. அவர் திரும்பிப் போனார். பிறகு நான் தொலைபேசி எடுத்தாலும் அவரிடமிருந்து பதில் இல்லை.

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்து, மகளின் கல்யாணமும் ஒருவழியாக நடந்து, சில மாதங்களின் பின் அண்ணாவின் உடுப்புகளைக் குழுவிடம் கொடுக்கப் போனேன். மகள் காரில் கூட்டிச் சென்றாள். அவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டு மண்ணில் கிடந்தார். மாட்டைக் கலைத்துவிட்டு நாலைந்து பேர் ஓடினார்கள். ஒருவரும் அவரைத் தொடவில்லை. சுற்றி நின்று ஏதோ சொன்னார்கள். கிடந்தவர் குலுங்கிச் சிரித்தார். உடனே கை கொடுத்துத் தூக்கினார்கள்.

"இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று அந்த அம்மையாரிடம் கேட்டேன்.

இது எங்கள் வழக்கம் என்றார். விழுந்தவன் சிரித்தால் நினைவு இருக்கிறது, நெஞ்செலும்பும் முதுகும் பெரும்பாலும் தப்பியிருக்கிறது, மெதுவாகத் தூக்கலாம். சிரிக்காவிட்டால் வைத்தியர் வரும்வரை விரல் படக் கூடாது. சிரிக்க வைப்பதில் உன் அண்ணாவை மிஞ்ச ஆளில்லை, அடுத்தது றெமி. ஆனால் அவர் போன நாள் தொட்டு றெமி விழுந்தவர் பக்கத்தில் போவதில்லை. மாட்டிலும் ஏறுவதில்லை. வேலையை விட்டுப் போகப் போகிறாராம். தன் நண்பனை ஒருமுறை சிரிக்க வைக்கத் தன்னால் முடியவில்லை, அவன் சிரிக்காமலே போய்விட்டான் என்கிறார்.

எனக்குப் பூமி பிளந்தது போல் இருந்தது. அண்ணா சிரித்ததைக் கேட்ட ஒரே ஆள் நான். அந்தச் சிரிப்புக்கு இப்படியொரு பெறுமதி இருப்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியவரை நாங்கள்தான் வீதிக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டோம்.

றெமி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றார். கிட்டப் போய், "அண்ணை சிரிச்சவர்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பொய், தங்கச்சி."

"பிள்ளையாராணை. உங்களை இழுத்துக்கொண்டு போன பிறகு சிரிச்சவர். நான் உங்களைப் பேசினதைக் கேட்டுத்தான் சிரிச்சவர்."

"எந்தப் பேச்சு? வீதி இரைச்சலிலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

வேறு வழியில்லை. அத்தனை மாட்டுக்காரர்களும் பார்த்திருக்க, கோதாரி தொடக்கம் ஊர்வலம் வரை, அதே குரலில், ஒரு சொல் விடாமல் திரும்பவும் ஏசினேன். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு அண்ணா சொன்னதைச் சொன்னேன்.

றெமியின் முகம் சிவந்தது. "பச்சைப் பொய்!" என்று கத்தினார். "ஏறாமல் எப்பிடி விழுறது? அவருக்குக் கணக்குத் தெரியாது!" அண்ணா எதிரே நிற்பது போலக் கையை நீட்டிச் சண்டை பிடித்தார். சண்டையின் நடுவே குரல் உடைந்தது. அந்தப் பெரிய உடம்பு மண்ணில் இருந்து அழுதது. நானும் பக்கத்தில் இருந்தேன். அத்தனை மாதமாக வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து இன்னொருவர் மாட்டிலிருந்து விழுந்தார். றெமி மூக்கைத் துடைத்தார், எழும்பினார், வேலியைத் தாண்டி ஓடினார். என்ன சொன்னாரோ தெரியாது, மைதானத்தின் நடுவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் வேலையை விடவில்லை.

அண்ணா விழுந்தபோது தண்ணீரும் குடையுமாக ஓடி வந்த கடைக்காரர்கள், முகம் தெரியாத வழிப்போக்கர்கள், அம்புலன்சில் வந்தவர்கள், வைத்தியர்கள், அபசகுனம் என்று ஒதுங்காமல் எங்களுடன் நின்ற சம்பந்தி வீட்டார், கிரியைகள் செய்த ஐயர், சமைத்துத் தந்த அயலவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியத்தானுக்கும் நன்றி. அவரும் அண்ணாவில் வைத்த பாசத்தால்தான் ஓடி வந்தார்.

இன்று திவசச் சாப்பாட்டுக்கு றெமி வருவார். நான்தான் அழைத்திருக்கிறேன். தொப்பி போட்ட பெரிய மனிதர், தேட வேண்டியதில்லை. அன்றைக்கு அவரை இழுத்துக்கொண்டு போன நீங்கள் நால்வரும், இலை போட முன்பே, அவரிடம் போய்க் கை கொடுங்கள். நீங்கள் இழுக்கும்வரை என் அண்ணாவை விடாமல் பிடித்திருந்த கைகள் அவை.

தங்கை