எந்தக் கையைத் தூக்கினேன்?

கல்யாண வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் நுழைந்தால் எல்லோரும் இலையை விட்டு நிமிர்வார்கள். இசக்கிசெல்வி மட்டும் பக்கத்து இலைக்காரியிடம் திரும்பி உதட்டை அசைப்பாள். சத்தம் பொட்டுக்கூட வராது. "என்ன மைனி சொல்லுதிய?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்து இலைக்காரி அலுத்துப்போவாள். இருபத்திரண்டு வருஷமாக இந்திப் படங்களில் கூட்டத்தில் ஒருத்தியாக நடித்து வருகிறவள் செல்வி. கூட்டத்துக்கு இரண்டே விதிதான்: கேமராவைப் பார்க்கக் கூடாது, வாயைத் திறந்தால் சத்தம் வரக் கூடாது. சொந்தத் தம்பியின் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் முகம் ஒரு படத்திலும் நேராக இல்லை.

தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் இந்தத் திருநெல்வேலிக்காரி எத்தனை முறை வெள்ளத்தில் போயிருக்கிறாள், எத்தனை முறை குண்டடிபட்டுச் செத்திருக்கிறாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு படத்தில் கல்லெறிவாள். அடுத்த படத்தில் போலீஸ் உடுப்பை மாட்டிக்கொண்டு அதே மாதிரிக் கல்லை நெற்றியில் வாங்குவாள். விருந்துக் காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்து ஜூஸ் குடிப்பதற்கு 'டீசன்ட்' என்று தனி வகுப்பு உண்டு. அதற்கு முகத்தில் களை வேண்டுமாம். "நமக்கு அந்த பாக்கியம் இல்ல. நம்ம மூஞ்சியப் பாத்தாலே வெங்காய வெல ஏறிட்டுன்னு தெரிஞ்சிரும்" என்பாள்.

எந்த வகுப்பானாலும் துணை நடிகர் சங்கத்துக் கார்டு இல்லாமல் கோரேகாவ் பக்கத்து ஸ்டூடியோ வாசலைத் தாண்ட முடியாது. ஏழு வருஷம் சங்க ஆபீஸ் படியேறி வாங்கிய கார்டு அது. புருஷன் போன பிறகு அவளையும் மகள் ஷாலினியையும் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு அட்டைதான்.

போன மழைக்காலத்தில் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கதாநாயகனின் நாய்க்கே ஏசி வண்டி நிற்கிற செட்டில், கூட்டத்துப் பெண்கள் நாற்பது பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவர்கள் வாய் திறந்து கேட்டது இது. "ஒண்ணுக்குப் போறதுக்குக் கொடி பிடிச்சவ நாங்கதான்" என்று செல்வி அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டாள்.

சேனல்களுக்கு வேறு கவலை இருந்தது. படப்பிடிப்பு நின்றுபோனதால் மனம் உடைந்து வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போய்விட்ட நாயகியைப் பற்றி இரண்டு நாள் உருகினார்கள். மூன்றாம் நாள்தான் சாதனா என்ற நிருபர் மைக்கோடு சங்க வாசலுக்கு வந்தாள். செல்வி கையைத் தூக்கித் தொண்டை கிழியக் கோஷம் போட்டாள். கேமராவில் பேட்டரி போய்விட்டது, இன்னொரு தடவை போடுங்கள் என்றாள் சாதனா.

அங்கேதான் வந்தது வினை. இன்னொரு தடவை என்ற சொல் காதில் விழுந்ததும் செல்விக்குப் போராட்டம் மறந்துபோயிற்று, தொழில் முன்னால் வந்து நின்றது. முதலில் நின்ற இடத்துக்கே பின்னால் நகர்ந்தாள். முந்தானையைப் பழையபடி செருகினாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, பம்பாய் இந்தியில் பவ்வியமாகக் கேட்டாள்: "மேடம், போன ஷாட்டுல நான் எந்தக் கையத் தூக்குனேன்?" இரண்டு ஷாட்டிலும் ஒரே கையைத் தூக்காவிட்டால் உதவி இயக்குநரிடம் வசவு வாங்குவது யார்? பேட்டரியை அதற்குள் மாற்றியிருந்தார்கள்; அவள் கேட்டது அப்படியே பதிவாகிவிட்டது.

சாயங்காலமே அவள் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டது சேனல். கூலிக்குக் கோஷம் போடுகிறவளாம். போதாதென்று ஆதாரமும் காட்டினார்கள்: வெங்காய விலை ஊர்வலத்தில் அவள், விவசாயிகள் மறியலில் அவள், லக்னோ தடியடியில் அவள். எல்லாமே படங்களிலிருந்து எடுத்த துண்டுகள். மறியலின் நடுவே கதாநாயகன் டிராக்டர்மேல் ஏறிப் பாடுவதை மட்டும் கவனமாக வெட்டியிருந்தார்கள். இவளை அனுப்புவது யார் என்று ஆறு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கத்தினார்கள். சயானில் ரயிலேறித் தாதரில் மாறித் தொங்கிக்கொண்டு போகிறவளை யார் அனுப்ப வேண்டும்?

ஷாலினி போனை நீட்டினாள். "யம்மா, நீ வைரல் ஆயிட்ட. கேமராவப் பாக்க மாட்டேங்குற, அதான் பொய் பேசுதன்னு போட்ருக்கான்."

"பாத்தா மறுநா கூப்புட மாட்டானே ட்டி" என்றாள் செல்வி.

மறுநாள் சங்கச் செயலாளர் வானமாமலை கூப்பிட்டனுப்பினார். நாங்குநேரிக்காரர், அவரும் கூட்டத்தில் நின்று மேலே வந்தவர்தான். அதெல்லாம் படம் என்று அவர் ஒரு வரி சொன்னால் முடிந்துபோகிற விவகாரம்.

"சேனல்காரன்கிட்ட மல்லுக்கு நிக்க முடியுமா செல்வி? சங்கத்துப் பேரு நாறிட்டு. விசாரண முடியுத வரைக்கும் கார்டு எங்கிட்ட இருக்கட்டும்."

"அண்ணாச்சி, லக்னோ தடியடியில என்னய அடிச்ச போலீஸே நீங்கதான."

"அது படம்லா."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

வானமாமலை அவள் நீட்டிய கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். ஊரார் பழியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்; கூட நின்று தடி தூக்கினவரே கையை விரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள். பதினோரு நாள் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது என்று ஷாலினியிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் சமரசம் ஆகிவிட்டது. கழிப்பறை பற்றிப் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே பாதிப் பெண்கள் வெறுத்துப்போய் வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆனால் சேனல்கள் வந்துவிட்டன, தலைவருக்குப் பின்னால் பெண்கள் நிற்க வேண்டுமே. செல்வியின் போன் அடித்தது; வானமாமலைதான்.

"மஞ்சச் சேல கெட்டிட்டு ஒடனே வா செல்வி. சிரிச்ச மூஞ்சியா நிக்கணும்."

"விசாரண என்னாச்சு அண்ணாச்சி?"

"அது முடிஞ்சிட்டு."

"எப்ப?"

"இப்பந்தான்."

மஞ்சள் சேலையில் போனாள். போனவள் மண்டபத்து நிலைப்படியோடு நின்றுவிட்டாள். மேடையில் சங்கத் தலைவரும் தயாரிப்பாளரும் பிடித்த கையை விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இடைவெளி தெரிகிறது என்று கேமராக்காரர் சலித்துக்கொண்டார். வானமாமலை கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"கார்டு" என்றாள் செல்வி.

"பொறவு தாரேன், வந்து நில்லு."

"அப்ப பொறவு வந்து நிக்கேன்."

மேடையில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டிருந்தது. வானமாமலை சட்டைப் பையைத் துழாவிக் கார்டை எடுத்துக் கொடுத்தார். செல்வி போட்டோவைப் பார்த்தாள், பின்பக்கம் திருப்பிச் சங்க முத்திரையைப் பார்த்தாள், பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகுதான் மேடையேறிக் கடைசி வரிசையில் நின்றாள்.

கைதட்டுங்கள் என்று கேமராப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. முன்வரிசை தட்டியது, பின்வரிசையும் தட்டியது. செல்வியின் இரண்டு கைகளும் பர்ஸை அழுத்திப் பிடித்தபடியே இருந்தன.