திரை போட்ட நேரம்

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால் என் பெரியப்பா எங்களைக் கூப்பிட்டு ஒன்று சொல்வார்: "வந்தவுகளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கலே. ஆனா திரை..." திரை போடுறதுக்கு முந்தி போகச் சொன்னாரா, போட்ட பொறவு போகச் சொன்னாரா என்பது மட்டும் எனக்கு ஞாபகமில்லை. பெரியப்பாவும் இல்லை, கேட்டுக்கொள்ள.

வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் இப்போது என் பிழைப்பு. புனேயில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பி வந்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த ஊரையும் ராஜபாளையத்தையும் சுற்றிக் காட்டுகிறேன். எட்டாவது வரை தமிழிலும் அதற்கு மேல் இங்கிலீஷிலும் படித்தவன் என்பதால் இரண்டு பாஷையிலும் விளக்கம் சொல்ல வரும். கேட்கத்தான் ஆள் வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டி, சாயந்திரம் அவர் "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டு, நீங்கள் பதில் தெரியாமல் நின்றதுண்டு என்றால், என் தொழிலை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கார் காதர் பாயுடையது. ஓட்டுவதும் அவர்தான். கோயில் வாசலில் வண்டியை நிழலில் போட்டுவிட்டு, போனவர்கள் எப்போது வருவார்கள் என்பதைச் சரியாகச் சொல்வார். பெரும்பாலும் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஆண்டாள் கோயில் மண்டபத்துத் தூண்களுக்காகத்தான். ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு தூணிலும் ஒருவர் நிற்கிறார்: கர்ணன், ரதி, வீரபத்திரர். வருகிறவர்கள் அவர்களைத் தாண்டி நேரே சன்னதிக்குப் போவார்கள், நேரே திரும்பி வருவார்கள். இந்த நிலையில் என் மனைவி சாந்தி, வருகிற ஆடித் தேருக்குள் இந்தத் தொழிலுக்கு ஒரு வழி தெரிய வேண்டும், இல்லையென்றால் மறுபடி புனேக்கே கிளம்பலாம் என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு டிராவல்ஸ்காரர் பேசினார். குற்றாலம் போகிற வேன் தினமும் எங்கள் ஊரில் நிற்கும், கூட்டத்தை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே நிபந்தனை, மண்டபத்துச் சிற்பம் வேண்டாம். அதற்கெல்லாம் நேரமில்லையாம். முதலில் ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் வருவதற்குள் நடந்தவை இவை.

இந்தக் கோபுரமா, அந்தக் கோபுரமா

மதுரைக்காரர்கள் இரண்டு பேர், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். காரிலிருந்து இறங்கியதும் ஒருவர் பையிலிருந்து பழைய அரசாங்கக் கவர் ஒன்றை எடுத்தார். அதிலிருந்த முத்திரைக் கோபுரத்தையும் எதிரே நின்ற கோபுரத்தையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இன்னொருவர் கவரை வாங்கிக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று நான் சொன்னதும் இருவரும் துக்க வீட்டில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

உள்ளே சிற்பங்கள் இருக்கின்றன என்று பேச்சை மாற்றினேன். அது எங்கள் ஊரிலும் இருக்கிறது என்றார்கள். தரிசனம் முடிந்து காரில் ஏறும்போது மூத்தவர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "தம்பி, இது எங்க ஊரு கோபுரம்தான்னு நாங்க சொல்ல வரலை. ஆனா உங்க ஊருதுன்னு நீங்களும் இம்புட்டு உறுதியாச் சொல்லாதீங்க."

பழைய கிளி

பெங்களூரிலிருந்து வந்தவர் கலைப்பொருள் சேகரிப்பவர். வீடு நிறைய வெண்கலமும் மரச்சிற்பமுமாக இருக்கிறது என்று ஃபோனில் படங்கள் காட்டினார். கடைசியில் நமக்கென்று ஒரு ஆள் வந்துவிட்டார் என்று முதல் நாள் ராத்திரியே இங்கிலீஷில் குறிப்புகள் எல்லாம் தயார் செய்து வைத்தேன். மண்டபத்தில் அவர் தூண்களைத் தட்டிப் பார்த்தார். இதெல்லாம் கட்டடத்தோடு சேர்ந்தது என்று தெரிந்ததும் நடையைக் கட்டினார்.

ஆண்டாள் கையில் இருக்கும் கிளியிடம்தான் நின்றார். இலைகளை மடித்துக் கட்டி, மாதுளம்பூவில் மூக்கு வைத்து, தினமும் புதிதாகச் செய்கிற கிளி. வேலைப்பாட்டைக் கூர்ந்து பார்த்தார், யார் செய்கிறார்கள் என்று விசாரித்தார். இதில் இன்னும் பழையது இருக்கிறதா, நல்ல விலை கொடுக்கத் தயார் என்றார். இதற்கு முந்தையது என்றால் நேற்றையது, அதற்கு மேல் வாடிவிடும் என்றேன். வெளியே வந்தோம். செருப்பைப் போட்டுக்கொண்டே இங்கிலீஷில் ஒன்று கேட்டார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அப்போ இத்தனை காலமாச் செஞ்ச கிளியெல்லாம் எந்த குடோன்ல வச்சிருக்காங்க?"

எது ஒரிஜினல்

ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவர்கள் பால்கோவா வாங்காமல் போவதில்லை. அதை முதலில் வாங்குவதா கடைசியில் வாங்குவதா என்பதில்தான் தவறு நடக்கும். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இறங்கியதும் முதல் கடையில் வாங்கியது. எதிர்க் கடைப் பலகையைப் பார்த்துச் சந்தேகம் வந்து அங்கேயும் வாங்கியது. கோயிலுக்குப் போகிற வழியில் மூன்றாவது கடை. கோயிலுக்குள் அவர்கள் தூணையும் பார்க்கவில்லை, சாமியையும் சரியாகப் பார்க்கவில்லை. கையிலிருந்த பொட்டலங்களில் எது உண்மையானது என்பதே பேச்சாக இருந்தது.

காருக்கு வந்ததும் குடும்பத் தலைவர் காதர் பாயைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆள், உங்கள் வீட்டுக்கு எந்தக் கடையில் வாங்குவீர்கள், மனசாட்சியோடு சொல்லுங்கள் என்றார். காதர் பாய் மனசாட்சியோடு சொன்னார்: "எங்க வீட்ல எல்லாருக்கும் சுகருங்க."

நாய்க்குத் தெரிந்த தெலுங்கு

ராஜபாளையம் என்றதும் எல்லோருக்கும் நாய்தான். ஐதராபாத்திலிருந்து வந்த தம்பதி கோயில் குளம் எதையும் கேட்கவில்லை, நாயைப் பார்த்தால் போதும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டில் பேசுவது தெலுங்கு. கேட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று, ரோஸ் மூக்கோடு நாய் நின்றது. அந்த வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்று நான் சொன்னதும் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மனைவியைப் பின்னால் தள்ளிவிட்டு, நாயிடம் தெலுங்கில் அன்பாகப் பேச ஆரம்பித்தார். உட்காரச் சொன்னார், கை கொடுக்கச் சொன்னார், குடும்ப நலம்கூட விசாரித்தார் என்று நினைக்கிறேன். நாய் அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. மண்டபத்தில் நான் பேசும்போது என்னை அப்படித்தான் பார்ப்பார்கள்.

வீட்டுக்காரர் வெளியே வந்து ஒரே ஒரு சொல் சொன்னார். நாய் உட்கார்ந்துவிட்டது. நானும் அதைத்தானே சொன்னேன் என்று ஐதராபாத்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வீட்டுக்காரர் அவரைத் தேற்றினார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க இந்தப் பக்கம் வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு, அது எங்க தெலுங்குலயே வளந்துருச்சு. நீங்க பேசுறது அதுக்கு டிவி ஓடுற மாதிரி இருந்திருக்கும்."

அணில்

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிற சென்னைப் பையன்கள் நான்கு பேர். மேற்கு மலையில் இருக்கும் பெரிய சாம்பல் அணிலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். விடியற்காலையில் கூட்டிப்போய், வெயில் ஏறும் வரை கழுத்து வலிக்க மரங்களையே பார்த்தோம். வரவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அதில் ஒருவன் பெருந்தன்மையாகச் சொன்னான்: "பரவால்ல சார், அது நம்மளப் பாத்திருக்கும்ல."

டிராவல்ஸ்காரர் வந்த நாள்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் டிராவல்ஸ்காரர் வேனோடு வந்து சேர்ந்தார். தூத்துக்குடியில் ஒரே தெருவைச் சேர்ந்த பெண்கள், வேன் நிறைய. பெண்கள் கூட்டம் என்பதால் துணைக்கு சாந்தியையும் வரச் சொல்லியிருந்தேன். சிற்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தேன். கோபுரத்தடியில் ஒரு படம், தரிசனம், பால்கோவா, ராஜபாளையத்தில் வேனை விட்டு இறங்காமல் ஒரு நாய். இதுதான் திட்டம். டிராவல்ஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

நாங்கள் வரிசையில் போய்க்கொண்டிருக்கும்போது சன்னதியில் திரை போட்டுவிட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அலங்காரமோ நைவேத்தியமோ நடக்கும்போது திரையை இழுத்துவிட்டால், அது விலகும் வரை வரிசை நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். எங்கள் வரிசை மண்டபத்தில் நின்றது. எவ்வளவு நேரமாகும் என்று டிராவல்ஸ்காரர் கேட்டார். சொல்ல முடியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், திரையை நானே போட்டதுபோல.

எனக்குப் பேச்சு வாய் வரைக்கும் வந்தது. கர்ணன் ஒரு கை தூரத்தில் நிற்கிறான், கேட்பதற்கு இத்தனை பேர் வேறு எங்கும் போக முடியாமல் நிற்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். பெண்கள் முதலில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். பிறகு ஊர்ப் பேச்சு பேசினார்கள். அதுவும் தீர்ந்த பிறகு, பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால், தூணைப் பார்த்தார்கள். பாக்கியம் அக்கா என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு அம்மாள், ரதியின் புடவைக் கொசுவத்தைக் காட்டி, கல்லில் எப்படி ஏட்டி இம்புட்டு மடிப்பு எடுத்திருக்கான் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அவள் கழுத்து அட்டிகையைக் காட்டி, அதே மாடல் தன் மாமியார் வைத்திருப்பதாகவும் இன்னும் கண்ணில் காட்டவில்லை என்றும் சொன்னாள். ஒருத்தி வீரபத்திரர் மீசையைப் பார்த்துவிட்டு, வேனில் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவளைக் கூப்பிட்டு, உன் வீட்டுக்காரர் இங்கே நிற்கிறார் என்றாள். சிலைகளின் கால் நகத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார்கள். ரதியைப்போல் இடுப்பை ஒடித்து நிற்க முயன்று ஒருத்தி மற்றவள் மேல் சாய்ந்தாள். இது யார், இது யார் என்று என்னைக் கேட்டார்கள். கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. பேரை மட்டும் சொன்னேன்.

சாந்தி ஒரு தூணுக்கு முன்னால் அசையாமல் நின்றாள். பக்கத்து மம்சாபுரத்துப் பெண், காது குத்தியதிலிருந்து இந்தக் கோயிலுக்கு வந்துகொண்டிருப்பவள். என்ன என்று போய்க் கேட்டேன். சின்னப் பிள்ளையில் கூட்டத்தில் காணாமல் போனால் இந்தத் தூணுக்கிட்டத்தான் வந்து நிற்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிவைத்திருந்தாராம். "எத்தனை தடவை சாஞ்சு நின்னிருக்கேன். இது ஒரு ஆளுன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

அப்போது மணி அடித்தது. திரை விலகிவிட்டது. முன்னால் இருந்த கூட்டம் நகர்ந்தது, டிராவல்ஸ்காரர் கையைத் தட்டி எல்லோரையும் கிளப்பினார். யாரும் கிளம்பவில்லை. பாக்கியம் அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வீரபத்திரர் காலடியில் குனிந்தபடியே சொன்னாள்: "செத்த இருங்க தம்பி. சாமி எங்கயும் போயிராது."

வேன் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தபோது நாய் தூங்கிப்போயிருந்தது. அதற்குப் பெண்கள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. டிராவல்ஸ்காரர்தான் காதர் பாயின் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கூட்டம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டார். ஆனால் நேரம் போய்விட்டது. நீங்கள் உள்ளூர்க்காரர், எந்த நேரத்துக்கு வேன் கோயில் வாசலில் நிற்க வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள், அந்த நேரத்துக்கே தினமும் அனுப்பிவிடுகிறேன் என்றார். இறங்கும்போது மறுபடி ஒரு தடவை சொன்னார்: "உங்க மேல ஒரு குறையும் இல்ல சார். அந்தத் திரை ஒண்ணுதான் பிரச்சனை."

வீட்டில் சாந்தி, புனேயா, வேனா என்று கேட்டாள். வேன் என்றேன். பிறகு நான் டிராவல்ஸ்காரருக்கு ஃபோன் செய்து, திரை போடுவதற்குச் சற்று முன்னால் வேன் வாசலுக்கு வந்து சேர்ந்து, வரிசை மண்டபத்தில் நிற்கும்போது திரை விழும்படி ஒரு நேரத்தைச் சொன்னேன்.