ஹயாத் பாஷாவின் பைப்

கட்டைவிரலை உள்ளே விட்டு, ஆள்காட்டி விரலை வெளியே வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறார் ராஜவேலு. இரண்டு விரலும் பைப்பின் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றன. புகையிலை அடைத்துப் பற்றவைக்கும் பைப்தான். அந்தக் காலத்துத் துரைகள் வாயோரம் தொங்கவிட்டிருப்பார்களே, அது. "இந்தாண்ட மெல்லிசு, அந்தாண்ட தடிமன். கடைசல் போட்டவன் தூங்கிட்டான்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்கிறார். நம்பாதவர்களுக்காகச் சட்டைப்பையில் தோலின் கனம் பார்க்கும் கேஜ் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக் காட்டிவிட்டு, ஏதோ தன் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் நம்மைப் பார்ப்பார்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் வேலை. பதனிட்ட ஆட்டுத்தோல்கள் மேஜைமேல் வந்து விழும். தடவிப் பார்த்து ஏ, பி, சி என்று தரம் பிரிக்க வேண்டும். வேலை நேரம் முடிந்தாலும் விரல் ஓயாது. சந்தையில் கத்தரிக்காய், கல்யாண மண்டபத்துச் சோபா, பக்கத்து வீட்டுக் கதவுத்திரை என்று எதையும் தடவாமல் விடமாட்டார். தோசையைக்கூட ஓரத்தில் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பி" என்பார். "அப்ப சி ஒண்ணு வேணுமா? கருக்கிக் குடுக்கறேன்" என்பார் அவர் மனைவி சுந்தரி.

மெஷின் ரிப்பேர் பார்க்க வந்த இத்தாலிக்காரர் ஒருவர் போகும்போது மேஜைமேல் விட்டுவிட்டுப் போன பைப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ராஜவேலுவுக்குப் புகைக்கிற பழக்கம் கிடையாது. பீடி வாசம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆள். ஆனால் அந்த மரத்தலையை ஒரு தடவை தடவியதுதான் தாமதம், விரல் அதற்கு அடிமையாகிவிட்டது. இன்று கூடத்துக் கண்ணாடி அலமாரியில், பித்தளைக் குத்துவிளக்குக்கும் மகள் ரோஷினி பள்ளியில் பரிசாக வாங்கிய கோப்பைகளுக்கும் நடுவில் பைப்புகள் வரிசையாக நிற்கின்றன. ரோஷினியைப் பெண்பார்க்க வந்தவர்கள் அலமாரியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சம்பந்தி நெறைய புடிப்பாரோ?" என்று காதைக் கடித்தார்கள். "ஐயோ, நெருப்பே வைக்க மாட்டாருங்க. சும்மா தடவிக்கினே இருப்பாரு" என்றார் சுந்தரி. அந்தப் பதிலைக் கேட்டு அவர்கள் இன்னும் கொஞ்சம் பயந்துபோனார்கள்.

பைப்பின் வடிவங்களுக்குப் புத்தகத்தில் இங்கிலீஷ் பெயர்கள் உண்டு. ஆம்பூரில் அவை செல்லுபடியாகாது. மேஜைமேல் தானாக நிற்கும் தட்டையடிப் பைப் 'உக்காந்தது'. நீண்ட மெல்லிய குழல் உடையது 'கொக்கு'. வளைந்து பருத்தது 'கொம்பு'. இவற்றுக்கெல்லாம் மேலே இருப்பது 'சமம்'. வளைவு நெளிவு இல்லாத நேரான பைப் அது. புகையிலை அடைக்கும் தலையின் உயரமும், அதிலிருந்து புறப்படும் கழுத்தின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் தெரிந்த கண்ணை உறுத்தும். அதிலும் பெரிய அளவில் சமம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெரிய கட்டையாக எடுக்க எடுக்க மரத்தில் எங்காவது ஒரு குழியோ வெடிப்போ தலைகாட்டிவிடும்.

இந்தப் பெயர்களை உலகத்தில் இரண்டே பேர்தான் பேசுகிறார்கள். இன்னொருவர் ஹயாத் பாஷா. தோலுக்கு அடிக்கும் சாயம் விற்கிற கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, சாய டின்களுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். இவர் ஒரு பைப்பை எடுத்து வைப்பார். அவர் ஒன்றை எடுத்து வைப்பார். தலைக்குத் தலை, கழுத்துக்குக் கழுத்து அளப்பார்கள். இரண்டு டீ ஆறிப்போகும். ஊரில் இவர்கள் பேச்சைப் புரிந்துகொள்ள மூன்றாவது ஆள் கிடையாது.

ராஜவேலு பொதுவாகப் பொறாமைக்காரர் இல்லை. திருப்பத்தூரில் தம்பி மாடி வீடு கட்டியபோது முதல் ஆளாகப் போய்ப் பந்தலில் நின்று பரிமாறியவர். கூட வேலை செய்தவர் சூப்பர்வைசர் ஆனபோது மாலை வாங்கி வந்தவரும் இவர்தான். ஆனால் ஹயாத் பாஷாவுக்கு ஒரு பார்சல் வந்துவிட்டால் போதும், கழுத்து பிடித்துக்கொள்ளும். சோறு இறங்காது. திரும்பிப் படுப்பார், மறுபடி திரும்பிப் படுப்பார். சுந்தரி தைலப் பாட்டிலைத் தேடிக்கொண்டே கேட்பார்: "பாய் எதனா புதுசா வாங்கிட்டாரா?"

மறுவாரம் போய் அந்தப் புதுப் பைப்பில் ஒரு குறை கண்டுபிடித்த பிறகுதான் கழுத்து நேராகும். குறை எப்படியும் கிடைக்கும். அதற்குச் சம்பளம் வாங்குகிற விரல் அல்லவா? ஹயாத் பாஷாவும் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். மாற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹயாத் பாஷா ஒரு பழைய துண்டைப் பிரித்து உள்ளே இருந்ததை மேஜைமேல் வைத்தார்.

"எங்க மாமுவோடதுபா. வெள்ளையடிக்கச்சொல்லோ பரண்லருந்து பெட்டிய எறக்கிருக்காங்க. உனக்குத்தான் இந்தப் பைத்தியமாச்சே, எடுத்துக்கினு போன்னுட்டாங்க அக்தரி மாமி."

ராஜவேலு அதைப் பார்த்தார். சமம். அதுவும் பெரியது, அவரிடம் இருக்கும் சமத்தைவிட அரை விரற்கடை உயரம். அந்தச் சமத்துக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? அமிர்திக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஒருவரிடம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, வாராவாரம் பஸ் ஏறிப் போய், அவருடைய கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டி, அவர் சொன்ன யானைக் கதைகளுக்கெல்லாம் வாயைப் பிளந்து, கடைசியில் அவர் மனமிரங்கிக் கொடுத்தது. இந்த மனிதருக்கோ வெள்ளையடிக்கிற சாக்கில் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வருகிறது!

கையில் எடுத்தார். கட்டைவிரலை உள்ளே விட்டார். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனம். கேஜை வைத்துப் பார்த்தார், ஒரே கனம். மரத்தின் ரேகைகள் அடியிலிருந்து விளிம்புவரை, சீப்பால் வாரியதுபோல் நேராக ஏறிப்போயின. தலையின் உயரமும் கழுத்தின் நீளமும் அச்சு அசலாக ஒன்று. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி முனையால் தொட்டதுபோல் அடியில் ஒரே ஒரு புள்ளி அகப்பட்டது. அந்த மாதிரிப் புள்ளி இல்லாத மரமே கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

"குத்து இருக்கு பாய்" என்றார். "தலையும் ஜாஸ்தி. கழுத்து தாங்கல."

"அப்டியா சொல்ற?" ஹயாத் பாஷாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஏ-ன்னு நெனச்சேன்பா."

"பி தான்."

அன்று மதியம் ராஜவேலு இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. ஹயாத் பாஷாவின் குரலில் உற்சாகம் பொங்கியது.

"வேலு, நீ சொன்னதப் பத்தி யோசிச்சேன்பா. இன்னாத்துக்கு பேஜாரு? வாணியம்பாடி ரோட்டுல பூவரசன் செருப்புப் பட்டறைக்கு எடுத்துக்கினு வந்துட்டேன். பஃபிங் போட்டுட்டா அந்தக் குத்து போயிடும். தலையும் கொஞ்சம் கம்மி பண்ணிரலாம். மேல நம்ம சாயம் ஒரு கோட்டு. ஏ ஆயிடும் பாரு!"

ஆம்பூர்க்காரருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இங்கே பி தரம் என்றால் யாரும் அழுதுகொண்டிருப்பதில்லை. தோலின் முகத்தில் தழும்பு இருந்தால் உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்து முகத்தையே தேய்த்து எடுத்துவிடுவார்கள். அதுதான் பஃபிங். பிறகு மேலே சாயம் அடித்தால் பார்க்கிறவனுக்கு ஏ. ஹயாத் பாஷாவின் கடை நடப்பதே அந்தச் சாயத்தில்தான். தோலுக்குச் செய்வதை மரத்துக்கும் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மரத்தின் ரேகை ஒரு தடவை போனால் போனதுதான், எந்தச் சாயத்திலும் திரும்பி வராது என்பது தோன்றவில்லை.

"சரி பாய்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் ராஜவேலு.

திரும்பி வந்து மேஜைமுன் நின்றார். தடுக்க வேண்டுமென்றால், தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரிலேயே நல்ல பைப் உங்களுடையதுதான் என்று தன் வாயாலேயே பாயிடம் சொல்ல வேண்டும். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். சும்மா இருந்தாலோ, சாயங்காலத்துக்குள் ரேஞ்சர் கொடுத்த பைப்புக்கு மேலே ஆம்பூரில் ஒன்றும் இருக்காது. யாரும் இவரைக் குறை சொல்லவும் முடியாது. நன்றாக அரைபடட்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு ஒரு தோலைத் தடவி முடிக்கும்வரை இனித்தது.

அடுத்த தோலில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. அதைத் தடவி ஏ பக்கம் போட்டார். எதிரே நின்ற ஹேமலதா, "அண்ணே, இன்னா இது?" என்று எடுத்துக் காட்டினாள். ராஜவேலு அந்தத் தோலைப் பார்க்கவில்லை. நேராக ஏறிப்போன அந்த ரேகைகள்தான் கண்ணுக்குள் நின்றன. எரிச்சல் பாய்மீதுதானே, பைப்மீது இல்லையே. அதை உருளையில் கொடுத்து அரைப்பதா? சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வாணியம்பாடி ரோட்டில் வழியெல்லாம் ஹயாத் பாஷாவைத்தான் திட்டிக்கொண்டு போனார். ஒரு நல்ல பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதனுக்கு இதெல்லாம் ஏன் கிடைக்கிறது?

பட்டறையில் செருப்பு அடிக்கட்டைகளைத் தேய்க்கும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பூவரசன் கைவேலையை முடித்துவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அப்போதுதான் பைப்பைச் சக்கரத்தருகே பிடித்துக் குனிந்திருந்தார். ஹயாத் பாஷா ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்காரர்போல் சிரித்துக்கொண்டிருந்தார். ராஜவேலு யாரையும் கேட்கவில்லை. சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். சக்கரம் முனகிக்கொண்டே நின்றது. பூவரசனின் கையிலிருந்து பைப்பைப் பிடுங்கி, வெளிச்சத்தில் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னா வேலு?"

"பஃபிங் வேணாம் பாய்."

"நீதானபா பி-ன்னு சொன்ன?"

"சொன்னேன்." ராஜவேலுவுக்கு மூச்சு வாங்கியது. "வயித்தெரிச்சல்ல சொன்னேன். இது ஏ. எங்கிட்ட இருக்கறது எல்லாத்தையும் கொட்டனாலும் இதுக்கு ஈடாவாது. போதுமா?"

கோபம் வரும் என்றுதான் பூவரசன் எதிர்பார்த்தார். ஆனால் பாயின் முகம் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போனது. பி என்று கேட்டுக் கேட்டே காது புளித்துப்போன மனிதர்.

"இன்னொரு வாட்டி சொல்லுபா."

"அதெல்லாம் ஒரு வாட்டிதான்."

"பூவரசா, நீ கேட்டல்ல?"

"கேட்டேன் பாய். கரண்டு போடலாமா? வேல கெடக்குது."

ஹயாத் பாஷா சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, "குடு" என்று கையை நீட்டினார். ராஜவேலுவும் பைப்பை நீட்டினார். பாய் தலைப்பக்கத்தைப் பிடித்தார். "விடுபா" என்றார். ராஜவேலு சுவரைப் பார்த்தபடி நின்றார். பைப்பின் கழுத்தைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் தளரவில்லை. ஹயாத் பாஷா இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார்.